‘தன்னை’யும் ‘தானே’யும்



வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நம் இல்லங்களில் மாலை வேளைகளில் அடிக்கடி நிகழும் காட்சி ஒன்று உண்டு. பள்ளியிலிருந்து திரும்பிய குழந்தை ஆங்கில இலக்கண நூலைக் கையில் ஏந்திக்கொண்டு பெற்றோரிடம் வந்து நிற்கும். வீட்டில் தமிழ், தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ, பள்ளியில் ஆங்கிலம் என மும்மொழிகளுக்கிடையே வளரும் அக்குழந்தைகளின் வினாக்கள், சில வேளைகளில், அம்மொழிகளை நாள்தோறும் கையாளும் நம்மையே திகைக்கவைத்துவிடும்.

தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் எங்கள் எதிர்வீட்டில் ஏழாம் வகுப்புப் பயிலும் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். நான் மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன் என்பதனால், ஆங்கிலத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது அவள் எண்ணம். ஒரு நாள் அவள் இரண்டு வாக்கியங்களை எழுதிக்கொண்டு வந்தாள். ஒன்று, “தி குக் பர்ன்ட் ஹிம்செல்ஃப்”. சமையற்காரர் தம்மைச் சுட்டுக்கொண்டார் என்பது பொருள். மற்றொன்று, “தி குக் ஹிம்செல்ஃப் சர்வ்ட் தி மீல்”. சமையற்காரரே உணவு பரிமாறினார் என்பது பொருள். முதல் வாக்கியத்தில் உள்ள ‘ஹிம்செல்ஃப்’ என்பதற்கு ஆசிரியை ‘ரிஃப்ளெக்ஸிவ் புரோநௌன்’ என்று பெயர் சொன்னாராம். இரண்டாவதில் உள்ள அதே ‘ஹிம்செல்ஃப்’ என்பதற்கு ‘எம்ஃபாட்டிக் புரோநௌன்’ என்று பெயர் சொன்னாராம். “மாமா, சொல் ஒன்றுதானே? பெயர் மட்டும் ஏன் இரண்டு?” என்று அவள் கேட்டாள்.

கேள்வி எளியது போலத் தோன்றும். ஆயினும், இந்த வேறுபாட்டை நன்கு உணராமல் ஒரு காலத்தில் நானே இடர்ப்பட்டிருக்கிறேன். என்னால் ஒரு குடும்பமும் இடர்ப்பட்டது. அதனைப் பின்னர்க் கூறுவேன். முதலில் இலக்கணத்தைக் காண்போம்.

ஆங்கிலத்தில் ‘செல்ஃப்’ என்றோ ‘செல்வ்ஸ்’ என்றோ முடியும் பெயர்கள் எட்டு உள்ளன. மைசெல்ஃப், அவர்செல்வ்ஸ் என்பன தன்மை; யுவர்செல்ஃப், யுவர்செல்வ்ஸ் என்பன முன்னிலை; ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப், இட்செல்ஃப், தெம்செல்வ்ஸ் என்பன படர்க்கை. யாரையும் தனித்துச் சுட்டாமல் பொதுவாகப் பேசும்போது ‘ஒன்செல்ஃப்’ என்பதும் வழங்கும். இவை ஒவ்வொன்றும் இரண்டு வேலைகளைச் செய்யும்.

முதல் வேலை, செயலின் பயனைச் செய்தவரிடமே திருப்பிக் கொண்டுவருவது. ஒருவர் செய்யும் செயல் பிறரைச் சென்றடையாமல், மதிலில் எறிந்த பந்தைப் போல, அவரிடமே மீள்கிறது. சமையற்காரர் சுட்டார், யாரைச் சுட்டார்? தம்மையே. இவ்வாறு வருவதைத் தற்சுட்டுப் பெயர் என்று நாம் அழைக்கலாம். இஃது பெரும்பாலும் செயப்படுபொருளின் இடத்திலோ, ‘டு’, ‘ஃபார்’, ‘அட்’ போன்ற உருபுச் சொற்களின் பின்னரோ நிற்கும்.

இரண்டாவது வேலை, முன்னரே சொல்லப்பட்ட ஒரு பெயரை அழுத்திக் கூறுவது. உணவு பரிமாறியவர் வேறு யாருமல்லர், சமையற்காரரே என்று வற்புறுத்துவது. இங்கே செயல் எவரிடமும் திரும்பி வரவில்லை. பரிமாறப்பட்டது உணவு, ‘ஹிம்செல்ஃப்’ என்பது சமையற்காரர் என்ற பெயருக்கு ஊன்றுகோலாக நிற்கிறது. இதனை அழுத்தப் பெயர் என்போம்.

இவ்விடத்தில் தமிழர்களாகிய நமக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கிவைத்த இவ்விரண்டையும் தமிழ் வேறு வேறு வடிவங்களில் காட்டுகிறது. தற்சுட்டுக்குத் தமிழ் ‘தான்’, ‘தாம்’ என்ற பெயர்களை வேற்றுமை உருபோடு கூட்டித் தன்னை, தனக்கு, தம்மை, தமக்கு என்று வழங்கும். அதனோடு வினையில் ‘கொள்’ என்ற துணைவினையையும் சேர்க்கும். பாராட்டிக்கொண்டான், ஏமாற்றிக்கொண்டான் என்பவற்றில் வரும் ‘கொண்டான்’ என்பதே, செயல் செய்தவனிடம் மீண்டது என்பதைக் காட்டிவிடுகிறது. அழுத்தத்திற்கோ தமிழ் ஏகாரத்தைப் பயன்படுத்தும். தொல்காப்பியர் ஏகாரத்திற்கு ஐந்து பொருள்களையும், நன்னூலார் ஆறு பொருள்களையும் வகுத்துள்ளனர். அவ்விருவரும் கூறும் பொருள்களுள் பிரிநிலையும் தேற்றமும் அடங்கும். பலருள் ஒருவரைப் பிரித்து நிறுத்துவது பிரிநிலை. ஐயமின்றித் தெளிவிப்பது தேற்றம். ‘அமைச்சரே வந்தார்’, ‘நானே எழுதினேன்’ என்னும் தொடர்களில் ஆங்கிலத்தின் அழுத்தப் பெயர் செய்யும் பணியை இவ்வேகாரம் செய்துவிடுகிறது.

ஆகவே, ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘தன்னை’, ‘தனக்கு’ என்று வந்தால் தற்சுட்டு. ‘தானே’, ‘அவரே’ என்று ஏகாரம் வந்தால் அழுத்தம். எதிர்வீட்டுச் சிறுமிக்கு நான் முதலில் சொன்னது இதுவே.

பள்ளிகளில் கற்பிக்கும் சோதனை வேறொன்று. இந்தியப் பள்ளிகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் ரென், மார்ட்டின் ஆகியோரின் இலக்கண நூலைப் பயின்றவர்கள் இவ்விரு பெயர்களையும் அடுத்தடுத்துக் கண்டிருப்பார்கள். அவற்றைப் பிரித்தறிய ஆசிரியர்கள் கூறும் வழி, அச்சொல்லை நீக்கிப் பார்ப்பது. “தி குக் ஹிம்செல்ஃப் சர்வ்ட் தி மீல்” என்பதிலிருந்து ‘ஹிம்செல்ஃப்’ என்பதை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும், பொருளும் மாறாது, அழுத்தம் மட்டுமே குறையும். ஆகவே அஃது அழுத்தப் பெயர். “ஷி பிளேம்ட் ஹெர்செல்ஃப்” என்பதிலிருந்து ‘ஹெர்செல்ஃப்’ என்பதை எடுத்துவிட்டால், அவள் யாரைப் பழித்தாள் என்பது தெரியாமல் வாக்கியம் முடமாகும். ஆகவே அது தற்சுட்டு.

இச்சோதனை நல்லதே, ஆயினும் இதனை மட்டும் நம்புவது போதாது. நீக்கிய பின்னரும் வாக்கியம் நிற்கக்கூடிய இடங்கள் சில உள்ளன. ஓர் எடுத்துக்காட்டைக் கேளுங்கள்: “தி ஹெட்மாஸ்டர் டாட் ஹிம்செல்ஃப்.” இதற்கு இரண்டு பொருள்கள் கூறலாம். தலைமையாசிரியர் ஓர் ஆசானின் துணையின்றித் தாமே பயின்று தேர்ந்தார் என்பது ஒன்று. ஆசிரியர் வராத வகுப்பிற்குத் தலைமையாசிரியரே சென்று பாடம் நடத்தினார் என்பது மற்றொன்று. ‘ஹிம்செல்ஃப்’ என்பதை நீக்கினால், “தி ஹெட்மாஸ்டர் டாட்” என்ற வாக்கியம் இலக்கணப் பிழையின்றியே நிற்கும். வாக்கியம் நிற்கிறதே என்று கருதி, இஃது அழுத்தப் பெயர்தான் என்று முடிவு செய்தால், முதற்பொருளை நாம் இழந்துவிடுவோம். வாக்கியம் நிற்கிறதா என்பதோடு, பொருள் மாறாமல் நிற்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

இத்தகைய இடங்களில் உதவும் வழிகள் இன்னும் மூன்று உள்ளன.

முதலாவது, வினா எழுப்பிப் பார்ப்பது. வினைச்சொல்லை நோக்கி, ‘யாரை?’, ‘யாருக்கு?’ என்று கேளுங்கள். அவ்வினாவிற்கு ‘செல்ஃப்’ என்ற சொல்லே விடையானால் தற்சுட்டு. விடை வேறொரு சொல்லாக இருந்தாலோ, அவ்வினாவே பொருந்தாமற் போனாலோ, அழுத்தம்.

இரண்டாவது, இடம் மாற்றிப் பார்ப்பது. அழுத்தப் பெயர் இடம்பெயரும் இயல்புடையது. “தி ஹெட்மாஸ்டர் ஹிம்செல்ஃப் டாட்” என்று முன்னே கொண்டுவந்தாலும் அது பொருந்தும். ஆனால் அவ்வாறு கொண்டுவந்த பின்னர், தலைமையாசிரியரே பாடம் நடத்தினார் என்ற ஒரு பொருளே எஞ்சும். தற்சுட்டுப் பெயரோ தன் இடத்தைவிட்டு அசையாது. “ஷி ஹெர்செல்ஃப் பிளேம்ட்” என்று சொன்னால், யாரையோ பழிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியது போலாகும்.

மூன்றாவது வழி, வானொலி நேயர்களாகிய உங்களுக்கு மிகவும் ஏற்றது. அதுவே செவியால் அறிதல். அழுத்தப் பெயரை ஆங்கிலம் பேசுவோர் எப்போதும் ஓங்கிய குரலில் ஒலிப்பர். தற்சுட்டுப் பெயரை, வேறொருவரோடு மாறுபடுத்திக் காட்ட வேண்டிய இடமாக இருந்தாலன்றி, தாழ்ந்த ஒலியில் விரைந்து சொல்லிச் செல்வர். ஆங்கிலச் செய்தியறிக்கையைக் கேட்கும்போது இதனைக் கவனித்துப் பாருங்கள். எழுத்தில் ஒன்றாகத் தோன்றும் சொற்கள் ஒலியில் இரண்டாகப் பிரிந்து நிற்பதை உணர்வீர்கள்.

அழுத்தப் பெயர் நிற்கும் இடத்திற்கேற்பப் பொருளில் நுண்ணிய வேறுபாடு தோன்றுவதும் உண்டு. “தி டைரக்டர் ஹிம்செல்ஃப் ரோட் தி லெட்டர்” என்றால், அத்துணை உயர்ந்த நிலையிலுள்ள இயக்குநரே கடிதம் எழுதினார் என்ற வியப்பு மேலோங்கும். “தி டைரக்டர் ரோட் தி லெட்டர் ஹிம்செல்ஃப்” என்று இறுதியில் வைத்தால், எழுத்தரிடம் சொல்லி எழுதுவிக்காமல் தம் கையால் எழுதினார் என்ற பொருள் மேலோங்கும். தமிழில் முன்னதை ‘இயக்குநரே எழுதினார்’ என்றும், பின்னதை ‘இயக்குநர் தாமே எழுதினார்’ என்றும் கூறலாம்.

இனி, முன்னர்க் குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் மொழிபெயர்ப்புப் பணியில் சேர்ந்த புதிது. வடமாநிலத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துவந்த தமிழர் ஒருவருக்கு இயந்திரத்தில் கை அகப்பட்டு இரண்டு விரல்கள் சிதைந்தன. அவர் மருத்துவமனையில் இருந்தார். தொழிற்சாலையினர் அவருடைய மனைவிக்கு ஆங்கிலத்தில் ஒரு சுருக்கமான அறிக்கை அனுப்பவிருந்தனர். அந்த அம்மையாரோ தமிழகத்தில் ஒரு சிற்றூரில் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அறிக்கையோடு தமிழாக்கமும் சென்றால் நலமாயிருக்கும் என்று எண்ணி, தொழிலாளரின் நண்பர் ஒருவர் அதனை என்னிடம் கொண்டுவந்தார். இயந்திரத்தின் வாரைச் சரிசெய்யும்போது, “ஹி ஹர்ட் ஹிம்செல்ஃப்” என்று அதில் எழுதியிருந்தது. நான் சிறிதும் தயங்காமல், “அவர் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டார்” என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

ஐந்தாறு நாள்களுக்குப் பின்னர் அந்த அம்மையார், தம் கொழுந்தனாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, முன்பதிவில்லாப் பெட்டியில் இரண்டு இரவுகள் பயணம் செய்து வந்து சேர்ந்தார். செய்தியறிந்து நானும் மருத்துவமனைக்குச் சென்றேன். கணவர் ஏதோ மனவேதனையால் தம்மை மாய்த்துக்கொள்ள முயன்றார் என்றே அவர் நினைத்திருந்தார். “வீட்டில் என்ன குறை வைத்தேன்? கடன் என்றால் எனக்கு ஒரு வரி எழுதியிருக்கக்கூடாதா?” என்று கட்டிலின் அருகில் நின்று அழுதார். அந்தத் தொழிலாளர் ஒன்றும் விளங்காமல் விழித்தார். என் கையெழுத்தில் இருந்த தாளை அவர் படித்துப் பார்த்தபோது என்னை நோக்கி, “நானாகவா சார் என் கையைக் கொண்டுபோய்க் கொடுப்பேன்?” என்று கேட்டார். அவ்வினாவிற்கு விடைகூற என்னால் இயலவில்லை.

நான் செய்த பிழை யாது? “ஹி ஹர்ட் ஹிம்செல்ஃப்” என்பதில் உள்ளது தற்சுட்டு மட்டுமே. ஆங்கிலத்தில் அது காயம் யாருக்கு ஏற்பட்டது என்பதைச் சொல்லுமேயன்றி, வேண்டுமென்று செய்தாரா, தவறிச் செய்தாரா என்பதைச் சொல்லாது. தவறி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட குழந்தையைப் பற்றியும் அதே சொற்களால்தான் கூறுவர். நானோ ‘தம்மை’ என்ற தற்சுட்டோடு நில்லாமல், ‘தாமே’ என்ற அழுத்தத்தையும் அதன்மேல் ஏற்றிவிட்டேன். தமிழில் ‘தாமே’ என்ற சொல் அங்கு வந்தவுடன், பிறர் எவரும் காரணரல்லர், அவரே மனமறிந்து செய்தார் என்ற பொருள் பிறந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இல்லாத ஓர் ஏகாரத்தை நான் சேர்த்தேன். அந்த ஏகாரம் ஒரு பெண்ணை இரண்டு இரவுகள் அழவைத்தது. “வாரைச் சரிசெய்யும்போது அவருக்குக் கையில் காயம் ஏற்பட்டது” என்று எழுதியிருந்தால் அதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

அன்று முதல், ‘செல்ஃப்’ என்று முடியும் சொல்லைக் காணும்போதெல்லாம், இது தற்சுட்டா, அழுத்தமா என்று ஒரு கணம் நின்று கேட்பதை வழக்கமாகக் கொண்டேன். தற்சுட்டாயின், வினைச்சொல் எத்தகையது என்றும் பார்ப்பேன். ஏனெனில், செய்தவரின் எண்ணத்தைச் சில வினைகள் காட்டும்; சில காட்டா. அலுவலகக் குறிப்புகளில், “ஹி வாஸ் ஆப்சென்ட்” என்றால், அவர் பணிக்கு வரவில்லை என்பது மட்டுமே பொருள். நோயோ வெள்ளமோ அதற்குக் காரணமாக இருக்கலாம். “ஹி ஆப்சென்டட் ஹிம்செல்ஃப்” என்றால், அவர் வேண்டுமென்றே பணிக்கு வராமல் விலகியிருந்தார் என்ற குறிப்பும் அதனுள் அடங்கும். முன்னது செய்தி, பின்னது ஏறத்தாழ ஒரு குற்றச்சாட்டு. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அறியாமல் விளக்கக் கடிதத்தில் தம்மைப் பற்றித் தாமே “ஐ ஆப்சென்டட் மைசெல்ஃப்” என்று எழுதிக் கொடுப்பவர், தமக்கு எதிராகத் தாமே சான்று கூறியவராவார்.

இவ்வாறு தற்சுட்டுப் பெயரைத் தம்முடன் பிரியாது வைத்துக்கொள்ளும் வினைகள் ஆங்கிலத்தில் வேறு சிலவும் உள்ளன. விடுப்பைப் பயன்படுத்திக்கொண்டேன் என்பதற்கு, “ஐ அவெய்ல்ட் மைசெல்ஃப் ஆஃப் தி லீவ்” என்பதே செம்மையான வழக்கு. நம் நாட்டு அலுவலகங்களில் ‘மைசெல்ஃப்’ என்பதை விட்டுவிட்டு எழுதுவது பரவலாகக் காணப்படுகிறது. விழாவிற்குச் சென்று மகிழ்ந்தோம் என்பதற்கு, “வி என்ஜாய்ட் அவர்செல்வ்ஸ்” என்று கூறவேண்டும். இதற்கு மாறாக, முகம் மழித்தல், உடுத்தல் ஆகியவற்றைக் கூறும்போது தமிழில் நாம் ‘கொள்’ சேர்த்து மழித்துக்கொண்டேன், உடுத்திக்கொண்டேன் என்று சொல்வோம். ஆங்கிலத்திலோ “ஐ ஷேவ்ட்”, “ஐ டிரெஸ்ட்” என்று வாளா கூறினால் போதும்.

தமிழ் நமக்குத் துணைசெய்யும் இடத்தைக் கூறினேன். தமிழே நம்மை வழிதவறச் செய்யும் இடங்களும் உண்டு. அவற்றுள் மூன்றை மட்டும் காண்போம்.

தமிழில் ‘தான்’ என்ற பெயர் நெடுந்தூரம் சென்று சுட்டவல்லது. “முருகன், கண்ணன் தன்னைப் பழித்ததாகக் கூறினான்” என்றால், பழிக்கப்பட்டவன் முருகன் என்றே பெரும்பாலும் கொள்வோம். இதனை ஆங்கிலமாக்கும்போது, ‘தன்னை’ என்பதற்கு ‘ஹிம்செல்ஃப்’ என்று எழுதினால், கண்ணன் கண்ணனையே பழித்துக்கொண்டான் என்று பொருள் தலைகீழாகிவிடும். ஆங்கிலத்தின் தற்சுட்டு, தான் நிற்கும் சிறு வாக்கியத்தின் எழுவாயையே பற்றும். அதனைத் தாண்டிச் செல்லாது. ஆதலின் இங்கு ‘ஹிம்’ என்றே எழுதவேண்டும். சாட்சியின் வாக்குமூலத்தை மொழிபெயர்க்கும்போது இவ்வொரு சொல் பழியை ஒருவர் தலையிலிருந்து மற்றொருவர் தலைக்கு மாற்றிவிடக்கூடும்.

அடுத்தது, மரியாதைப் பன்மை. தமிழில் ஒருவரையே ‘நீங்கள்’ என்று அழைக்கிறோம். அப்பழக்கத்தால், விருந்தினர் ஒருவரை அமரச் சொல்லும்போதும் ‘யுவர்செல்வ்ஸ்’ என்று சிலர் கூறிவிடுகின்றனர். ஆங்கிலத்தில் ‘யு’ என்ற சொல் ஒருமைக்கும் பன்மைக்கும் பொது. ஆனால் ‘செல்ஃப்’ சேரும்போது மட்டும் அவ்விரண்டும் பிரிந்துவிடுகின்றன. எதிரே இருப்பவர் எத்துணைப் பெரியவராயினும், ஒருவராயின் ‘யுவர்செல்ஃப்’. இருவரோ பலரோ ஆயின் ‘யுவர்செல்வ்ஸ்’.

மூன்றாவது, ‘தானே’ என்ற சொல்லின் பல முகங்கள். ‘கதவு தானே திறந்தது’ என்பதில் உள்ள ‘தானே’, பிறர் முயற்சியின்றி என்ற பொருளுடையது. அதற்கு ஆங்கிலத்தில் ‘பை இட்செல்ஃப்’ என்று உருபுச் சொல் சேர்க்கவேண்டும். ‘சொல் ஒன்றுதானே?’ என்று எதிர்வீட்டுச் சிறுமி கேட்டதில் உள்ளதோ, கேட்பவரின் உடன்பாட்டை நாடி வருவது. அதற்கும் ‘செல்ஃப்’ என்ற சொல்லுக்கும் எவ்விதத் தொடர்புமில்லை. ‘நான்தான் எழுதினேன்’ என்பதும் ‘நானே எழுதினேன்’ என்பதும் ஒன்றல்ல. எழுதியவர் யார் என்ற ஐயத்தைத் தீர்ப்பது முன்னது. ஆங்கிலத்தில் “இட் வாஸ் ஐ ஹூ ரோட் இட்” என்று வரும். பிறர் துணையின்றி எழுதினேன் என்பது பின்னது; அதற்கே “ஐ ரோட் இட் மைசெல்ஃப்” என்பது பொருந்தும்.

வெளிமாநிலங்களில் நாம் நாள்தோறும் கேட்கும் மற்றொரு வழக்கையும் இங்குக் குறிப்பிடவேண்டும். புதியவர் ஒருவரைச் சந்திக்கும்போது, “மைசெல்ஃப் முருகன்” என்று தம்மை அறிமுகம் செய்துகொள்வது நம் நாட்டில் பலரிடமும் காணப்படுகிறது. இதனைக் கேட்டு நகைப்பது நாகரிகமன்று. சொல்ல வந்தது எல்லோருக்கும் விளங்குகிறது. ஆயினும், நேர்முகத் தேர்விலும் எழுத்திலும் இதனைத் தவிர்ப்பது நன்று. அங்கே செயலும் இல்லை, அது மீள்வதும் இல்லை. அழுத்துவதற்கு முன்னே ஒரு பெயரும் இல்லை. இரண்டு வேலைகளில் ஒன்றைக்கூடச் செய்யாத இடத்தில் அச்சொல்லை நிறுத்துவானேன்? “ஐ ஆம் முருகன்” என்பதே நேரானது.

இனி, சிறுமியின் வினாவிற்கு மீள்வோம். சொல் ஒன்றாயிருக்க, பெயர் ஏன் இரண்டு? இதற்கு விடை ஆங்கில மொழியின் வரலாற்றில் இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வழங்கிய பழைய ஆங்கிலத்தில், தன்னை என்பதற்குத் தனிச்சொல் இல்லை. ‘அவன் அவனைக் காத்தான்’ என்பது போல, ‘ஹிம்’ என்ற சாதாரணப் படர்க்கைப் பெயரையே பயன்படுத்தினர். அவ்வாறு சொல்லும்போது, காக்கப்பட்டவன் அவனா, வேறொருவனா என்ற மயக்கம் நேர்ந்தது. ‘செல்ஃப்’ என்பது அக்காலத்தில் அழுத்தம் தரும் ஓர் அடைமொழியாகவே இருந்தது. மயக்கத்தை நீக்குவதற்காக, ‘அவனையே’ என்று கூறுவது போல, அவ்வடைமொழியைப் பெயரோடு சேர்த்துச் சொல்லலாயினர். அவ்வழக்கு பெருகி, இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாகி, தன்னை என்ற பொருளை ஏற்றது. எனினும் பழைய வழக்கு உடனே மறைந்துவிடவில்லை. 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பிலும் ‘செல்ஃப்’ சேராத தற்சுட்டுகளைக் காணலாம். “ஹி லுக்ட் பிஹைண்ட் ஹிம்”, அஃதாவது அவன் தன் பின்னே திரும்பிப் பார்த்தான், என்று இன்றும் ‘செல்ஃப்’ இன்றியே கூறுவது வழக்கம்.

ஆகவே, அழுத்தமே மூத்தது. தற்சுட்டு அதன் வழியில் பிறந்தது. ஒரே வீட்டில் வாழும் தாயும் மகளும் ஒரே முகச்சாயலோடு இருப்பது போன்றது இது. முகத்தை மட்டும் பார்த்தால் மயங்குவோம். செய்யும் பணியைப் பார்த்தால் மயக்கம் தீரும்.

இதனை அச்சிறுமியிடம் கூறியபோது, அவள் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தாள். பின்னர்த் தன் ஏட்டில் புதிதாக ஒரு வாக்கியத்தை எழுதிக் காட்டினாள். “மை மதர் ஹெர்செல்ஃப் கட் தி மேங்கோ அண்ட் கட் ஹெர்செல்ஃப்.” அம்மாவே மாம்பழம் நறுக்கினாள், நறுக்கும்போது கையையும் வெட்டிக்கொண்டாள். ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘ஹெர்செல்ஃப்’. முதலாவதை அடித்துவிட்டாலும் பழம் நறுக்கியவள் அம்மாதான். இரண்டாவதை அடித்துவிட்டால் எதை வெட்டினாள் என்றே தெரியாது என்று அவளே விளக்கமும் கூறினாள். அவ்விளக்கத்தில் நான் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டாவது ‘ஹெர்செல்ஃப்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வாய் என்று மட்டும் கேட்டேன். “அம்மாவுக்குக் கையில் வெட்டுப்பட்டுவிட்டது” என்றாள். தன்னைத் தானே வெட்டிக்கொண்டாள் என்று அவள் கூறவில்லை.

நேயர்களே, நாம் நம் ஊரைவிட்டு நெடுந்தொலைவில் வாழ்கிறோம். நம்மைப் பற்றிய செய்திகள் பலவும் வேறொரு மொழியில் எழுதப்பட்டு, பின்னர் நம் மொழியில் மாற்றப்பட்டே நம் உறவினரைச் சென்றடைகின்றன. அச்செய்தியை எழுதுபவரும் மாற்றுபவரும் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகளாகவோ, நம்மைப் போன்ற பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பர். ஆகவே, ஆங்கிலக் கடிதத்தில் ‘செல்ஃப்’ என்ற சொல்லைக் காணும்போது, நீக்கிப் பாருங்கள். யாரை என்று கேளுங்கள். இடம் மாற்றிப் பாருங்கள். உரக்கப் படித்துப் பாருங்கள். செயல் மீண்டதா, பெயர் அழுத்தம் பெற்றதா என்பது தெளிவாகும். தெளிந்த பின்னரே தமிழில் ‘தன்னை’ என்றோ ‘தானே’ என்றோ எழுதுங்கள். இரண்டையும் சேர்த்து எழுதக் கை விழையுமானால், அங்கே ஒரு கணம் நில்லுங்கள்.